தொழில் விடுதலும் வினை விடுதலும்

சென்னை நகரின் தென்பாலவாகிய மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்னும் பகுதிகளில் வாழும் கற்றோரிடையே இக்காலத்து ஒரு வினா பெரிதும் வழங்குகின்றது. ‘இனி என்றும் தொழில் செய்யாது வாழ்தற்கு ஒருவனுக்கு எத்துணைப் பொருள் வேண்டும்?’ என்பதே அவ்வினா. இதனை வினவுவோர் அறுபது கடந்த முதியோர் மட்டும் அல்லர். முப்பதும் நிரம்பாத இளையோரும் கணிப்பொறியின் முன்னிருந்து இதனையே கணக்கிடுகின்றனர். அவ்விளையோருட் பலர் திருநீறு அணிவோர். கபாலீச்சரத்தை வலம் வருவோர். திருமுறை ஓதும் இல்லத்திற் பிறந்தோர். ஆதலின், இவ்வினா பொருளியலார்க்கே உரியது, சமயத்தார்க்கு இதனோடு இயைபு இல்லை என வாளா இருத்தல் பொருந்தாது. மேலும், குறித்த தொகை கைக்கு வரும் நாளை அவர்கள் ‘விடுதலை நாள்’ என்று வழங்குகின்றனர். விடுதலை என்னும் சொல்லை எவர் எடுத்தாளினும், அச்சொல்லின் பொருளை ஆராயும் உரிமை சித்தாந்த சைவர்க்கு உண்டு.

முதற்கண் அவர் கூற்றைத் திரிபின்றி எடுத்து மொழிதல் முறை. அவர் கூறுவது வருமாறு: ஒருவன் தன் ஓராண்டுச் செலவைக் கணக்கிட்டு, அதனைப் போல் 25 மடங்கு பொருளை ஈட்டி, அதனைப் பங்கிலும் கடன் பத்திரத்திலும் பகுத்து வைப்பானாயின், ஆண்டுதோறும் அதில் நூற்றுக்கு 4 விழுக்காடு எடுத்துண்டு முதல் அழியாது வாழலாம். திங்களுக்கு 50,000 ரூபாய் செலவுடைய இல்லத்திற்கு ஆண்டுச் செலவு 6 லட்சம். வேண்டும் தொகை ஒன்றரைக் கோடி. அமெரிக்க நாட்டு நிதி ஆலோசகராகிய வில்லியம் பெங்கன் என்பார் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு மூலம். இத்தொகை சேர்ந்தபின் மேலாளர்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. விடியலில் எழுந்து பேருந்துக்கு ஓட வேண்டுவதில்லை. வேண்டியது செய்யலாம், வேண்டாதது விடலாம் என்பர்.

இக்கூற்றில் கொள்ளத்தக்கதும் உண்டு. பொருளை வெறுக்கும் சமயம் அன்று சைவம். இல்லறத்தான் நெறியாற் பொருளீட்டலும், முதுமைக்கும் பிணிக்கும் ஒரு பகுதியை வைத்தலும் நூல்களால் உடன்படப்பட்டவையே. திருவள்ளுவர் பொருள் செயல்வகைக்கு ஓரதிகாரமும், நல்குரவின் கொடுமைக்கு ஓரதிகாரமும் வகுத்தார். அன்றியும், இக்காலத்து இளையோர் அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அரசுப் பணியிற் புகுந்தோர்க்கும், 2004ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல் நடுவணரசின் குடிமைப் பணியிற் புகுந்தோர்க்கும் பழைய ஓய்வூதிய முறை நிறுத்தப்பட்டது. தனியார் நிலையங்களில் உழைப்போரிற் பெரும்பாலார்க்கு முன்பும் அஃது இருந்ததில்லை. தந்தையர் பெற்ற காவலை மைந்தர் பெறாதபோது, அவர் தமக்குத் தாமே காவல் தேடுதல் குற்றமாகாது. ஆகவே சேமித்தல் ஈண்டு மறுக்கப்படுவதன்று. ‘இத்துணைத் தொகை சேர்ந்தால் தொழிலினின்று முற்றும் நீங்கலாம், நீங்குதலே விடுதலை’ என்னும் கோட்பாடே மறுக்கப்படுகின்றது. அதன்கண் மூன்று வழுக்கள் உள.

முதல் வழு, அத்தொகை நிலையான தொகை அன்று என்பது. பெங்கன் ஆராய்ந்தது அமெரிக்கச் சந்தையின் கடந்தகால வரலாற்றையும், 30 ஆண்டு ஓய்வையுமே. நாற்பதில் தொழில் விடுத்து எண்பத்தைந்து வரை வாழக் கருதுவான் 45 ஆண்டிற்கு அக்கணக்கை நீட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமாயின், 12 ஆண்டிற்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். நாற்பதில் 50,000 ரூபாய் வேண்டிய இல்லத்திற்கு ஐம்பத்திரண்டில் ஒரு லட்சமும், அறுபத்து நான்கில் 2 லட்சமும், எழுபத்தாறில் 4 லட்சமும் திங்கள்தோறும் வேண்டும். முதலும் உடன் வளரும் என்பாராயின், வளரவும் கூடும், தேயவும் கூடும். அஃது அவர் கையகத்தது அன்று. இதனை உணர்ந்தே, 25 மடங்கு என்றவர் 30 என்பர்; 30 சேர்ந்தபின் 40 என்பர். அச்சம் தொகையோடு கூடவே வளர்கின்றது.

மயிலாப்பூரார்க்கு இதனைப் பிறர் எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தது. நூறாண்டுப் பெருமையுடையது, வெள்ளையர் நடத்துவது, ஒருகாலும் வீழாது என நம்பித் தம் வாழ்நாட் சேமிப்பை அதன்கண் வைத்தோர் ஆயிரக்கணக்கானவர் ஒரு நாளில் வறியராயினர். 1907இல் அதன் தலைவராகிய சர் சார்ச்சு ஆர்பத்நாட் 18 திங்கள் கடுங்காவல் பெற்றார். ஆயினும், இழந்தோரின் முதுமை மீளவில்லை. அவ்வீழ்ச்சியின் பின் மயிலாப்பூர் வழக்கறிஞராகிய வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் சோர்ந்திராது உழைத்து, அவ்வாண்டிலேயே இந்தியன் வங்கியை நிறுவினர்.

இது பழங்கதை என்று தள்ளுதற்கும் இடமில்லை. 1872ஆம் ஆண்டில் மயிலாப்பூரிலே தோன்றிய இந்து பெர்மனென்ட் பண்டு என்னும் நிதியில் ஓய்வு பெற்றோர் பலர் தம் பொருளை வைத்து வட்டியால் வாழ்ந்தனர். முதலும் வட்டியும் திரும்பவில்லை என வைப்பாளர் முறையிட, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் பொருளாதாரக் குற்றப் பிரிவினராற் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டு இல்லை என்பது நீதிமன்றம் தீர்த்தற்குரியது. கருதற்பாலது வேறு: வங்கி வைப்பிற்கு 2020 முதல் 5 லட்சம் வரை உள்ள காப்பீடும் நிதிகளின் வைப்பிற்கு இல்லை. இனித் தொழில் வேண்டாம் என்று அமர்ந்த முதியோர் பலர், தம் பொருளைத் தேடி அலைதலையே தொழிலாகக் கொள்ள நேர்ந்தது. அவரை இகழ்தல் அறமன்று; அவர்பால் இரங்குதலே முறை. ஆயின், பொருளே அரண் என்னும் கோட்பாட்டினை அவர் துயரம் பொய்ப்பித்தது என்பதை மறைத்தலும் அறமன்று.

இம்மயிலையிலே சிவநேசர் என்னும் வணிகர் இருந்தார். அளவிறந்த செல்வமுடையவர். தம் மகள் பூம்பாவையை அரவு தீண்டியபோது, விடந்தீர்ப்பார்க்குத் தம் நிதிக்குவையைத் தருவதாகப் பறையறைவித்தார். அந்நிதி முழுவதும் அவள் உயிரை ஒரு கணம் நிறுத்த வல்லதாகவில்லை. ஆளுடைய பிள்ளையார் பதிகமே குடத்திலிருந்த எலும்பைப் பெண்ணாக்கிற்று. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளிலே இதனைக் கண்டு கண்ணீர் பெருக்குவோர், வீடு திரும்பியதும் தொகையே தமக்கு அரண் என்று எழுதி வைப்பாராயின், கண்டது கண்ணளவில் நின்றது என்பதன்றி வேறென் சொல்வது?

இரண்டாம் வழு, ‘பணம் தானே உழைக்கும், உடையவன் உறங்கலாம்’ என்னும் கூற்றிலே உள்ளது. பணம் சடப்பொருள். சடம் தானே தொழிற்படாது என்பது சித்தாந்தத்தின் முதற்பாடம். உழைப்போர் மனிதரே. வைப்புத் தொகையின் வட்டி என்பது எங்கோ ஓர் ஆலையிலும் கடையிலும் வயலிலும் பிறர் சிந்திய வியர்வையின் ஒரு கூறு. ஒருவன் மாடவீதி இல்லத்தில் ஓய்ந்திருப்பினும், விடியுமுன் பால் கொணர்வோன் ஓயவில்லை. தெருவைத் தூய்மை செய்வோள் ஓயவில்லை. அவன் நோயுற்றபோது இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலி ஓயவில்லை. எல்லாரும் அவன் விரும்பிய விடுதலையை ஒருநாள் எய்துவராயின், அவன் கையிலுள்ள ஒன்றரைக் கோடியும் ஒரு பிடி அரிசியை வேவிக்க மாட்டாது. எல்லார்க்கும் ஒத்ததாகாத ஒன்றை விடுதலை எனல் யாங்ஙனம்? சைவம் கூறும் வீடுபேறோ அத்தன்மையது அன்று. ஒருவன் பெறுதலாற் பிறனுக்குக் குறையாதது அது.

மூன்றாம் வழுவே தலையாயது. அது தொழிலையும் வினையையும் ஒன்றென மயங்கியது. தொழில் விடுதல் வேறு. வினை விடுதல் வேறு. உயிரைப் பிணித்திருப்பன ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். அவற்றுள் கன்மம் நுகர்ந்தும் ஒத்தும் தீர்வதே அன்றி, அலுவலகத்திற்கு விடைமுறி எழுதுதலாற் றீர்வதன்று. எடுத்த உடம்பிற்கு அமைந்த பிராரத்தம் மெத்தையிற் கிடப்பானையும் வந்தடையும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் இறைவன் உயிர்க்குக் கூட்டியது, அவற்றின் வாயிலாக உயிர் தொழிற்பட்டு, அறிந்து, மலம் பக்குவமுறுதற்பொருட்டே. மருந்துக்கலத்தைப் பெற்றவன், கலத்தைப் பட்டினால் மூடி வைத்தலே பிணி நீக்கம் என்றல் போலும், உடம்பைத் தொழிலின்றி வைத்தலே விடுதலை என்றல்.

அன்றியும், உயிர் ஒரு சார்பின்றி நில்லாது. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. தொழிலை விடுத்தவன் உயிர் எதனைச் சாரும்? தொகையைச் சாரும். காலையிற் பனகல் பூங்காவிலும் நாகேசுவர ராவ் பூங்காவிலும் உலவிக்கொண்டே சந்தையின் ஏற்றிறக்கத்தைக் கைப்பேசியிற் பார்த்து, முகம் மலர்தலும் வாடுதலும் உடையார் பலர். முன்பு ஒரு மேலாளரின் முகம் நோக்கினவர், இப்போது பெயரறியாத பல்லாயிரவர் செய்யும் விற்பனையின் முகம் நோக்குகின்றார். ஏவலன் என்னும் நிலை நீங்கவில்லை. ஆண்டான் மாறினான், அவ்வளவே.

முத்தியிலே உயிர் அறிவும் செயலுமின்றிக் கல்லைப்போற் கிடக்கும் எனக் கொண்ட ஒரு சாராரும் முன்னர் இருந்தனர். அவர் பாடாணவாதியர் எனப்பட்டனர். உமாபதி சிவாசாரியார் 1313ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் அவர் கொள்கையும் எடுத்து மறுக்கப்பட்டது. கல்லாதல் பேறாயின், அப்பேற்றினைப் பெறுவார் யார்? பெற்றமையை அறிவார் யார்? இன்று ‘ஒன்றும் செய்யாதிருத்தலே இன்பம்’ என்பார், நூல் கல்லாமலே அப்பாடாணவாதத்தைத் தழுவினர். சித்தாந்தமோ முத்தியிலும் உயிரின் அறிவு இச்சை செயல்கள் அழிவதில்லை. அவை சிவத்தைச் சார்ந்து விளங்கும் என்கின்றது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரத்தில், மலம் கழுவிய சீவன்முத்தர்க்கும் அடியாரொடு கூடுதலையும், அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே தொழுதலையும் விதித்தார். முடிந்த நிலை எய்தினார்க்கும் பணி உண்டு என்றால், ஒன்றரைக் கோடி எய்தினார்க்கு இல்லையோ? படைத்தல் முதலிய ஐந்தொழிலையும் உயிர்கள்மேல் வைத்த கருணையால் ஓய்வின்றி இயற்றுகின்றான் இறைவன். ஒன்றும் வேண்டாத அவன் தொழில் செய்ய, எல்லாம் வேண்டும் உயிர் தொழில் விடுதலை நாடுதல் நகைக்கத்தக்கது.

அற்றேல், ‘தொண்டு செய்தற்பொருட்டே தொகை தேடுகின்றோம். நாற்பத்தைந்தில் தொகை நிரம்பியபின் எஞ்சிய நாளெல்லாம் திருப்பணிக்கே’ என்பாரும் உளராலெனின், அவர் எண்ணம் நன்று, வழி நன்றன்று. என்னை? வாழ்நாளின் அளவு அவர் எழுதும் கணக்கேட்டில் இல்லை. மேலும், இருபதாண்டு ‘இன்னும் சிறிது’ என்றே பழகிய நெஞ்சு, இருபத்தோராம் ஆண்டில் ‘போதும்’ என்று கூறுதல் அரிது.

திருவீழிமிழலை வரலாறு இவர்க்குத் தக்க விடையாம். பஞ்சக் கொடுமை வந்தபோது, அடியார்க்கு அமுதளிக்க ஆளுடைய பிள்ளையார்க்கும் திருநாவுக்கரசர்க்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருளினான். பஞ்சம் தீருமளவிற்கும் போதுமான நிதியை ஒருசேரக் கொடுக்க அவனுக்கு அரிதோ? நாளுக்கு ஒரு காசே கொடுத்தான். அக்காசிலும் ஒரு வேறுபாடு இருந்தது. பிள்ளையார் பெற்ற காசு கடையில் வட்டங் கொடுத்து மாற்றத்தக்க வாசியுடையதாயிற்று. அரசர் பெற்ற காசு வாசியின்றி முழுவிலை போயிற்று. அரசர் உழவாரமேந்திக் கைத்தொண்டு செய்தமையே காரணம் எனச் சேக்கிழார் காட்டியருளினார். பின்னர்ப் பிள்ளையார் பதிகம்பாடி வாசி தீர்த்தமை யாவரும் அறிவர். இறைவன் நேரே தந்த காசுக்கும் கையுழைப்பே மாற்றுயர்த்திற்று எனின், அத்தொண்டினைப் பொருள் நிரம்பும் வரை தள்ளி வைத்தல் எவ்வாறு தகும்?

சென்னையைச் சூழ்ந்த தலங்களிலே தோன்றிய நாயன்மார் வரலாறும் இதுவே கூறும். திருவொற்றியூர்க் கலியநாயனார் செல்வமிக்க எண்ணெய் வணிகர். செல்வத்தை வைத்துத் தாம் ஓய்ந்திருந்தாரல்லர். திருவிளக்குப் பணியிற் செலவிட்டார். அது தீர்ந்தபின் பிறர்க்கு எண்ணெய் விற்றுக் கூலி பெற்றார். அதுவும் நின்றபின் செக்கிலே கூலிக்கு உழைத்தார். முதல் அழியாது காத்தல் அவர் கணக்கில் இல்லை. விளக்கு அவியாது காத்தலே அவர் கணக்கு. திருநின்றவூர்ப் பூசலார் கோயில் எடுக்கப் பொருள் தேடினார், எங்கும் கிடைத்திலது. கிடைக்கும் நாள் வரட்டும் எனக் காத்திராமல், நெஞ்சிலே அடித்தளமிட்டு நாள்தோறும் எழுப்பினார். காஞ்சியிலே காடவர்கோன் கட்டிய கற்றளியின் குடமுழுக்கை வேறொரு நாளில் வைக்குமாறு பணித்து, பூசலாரின் மனக்கோயிலில் இறைவன் புகுந்தருளினான். எட்டாம் நாள் மாலை மயிலை வீதிகளில் எழுந்தருளும் அறுபத்துமூவருள் குயவர் உண்டு, வண்ணார் உண்டு, பரதவர் உண்டு, வேடர் உண்டு, அரசரும் உண்டு. தொகை நிரம்பும் வரை தொண்டை ஒத்திவைத்த ஒருவர் அவ்வரிசையில் இல்லை.

இனி, ‘துறவியரும் தொழில் விடுத்தவரே, அவர்க்கில்லாத குற்றம் எமக்கு யாண்டையது?’ எனின், அறியாது வினாவினர். துறவியர் துறந்தது பொருளை. இவர் துறக்க விரும்புவது உழைப்பை. ஐயடிகள் காடவர்கோன் அரசினைத் துறந்து, தலந்தோறும் சென்று பணிந்து வெண்பாப் பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமக்கென ஒரு காசும் வேண்டாதவர். ஆயினும் சிவஞான மாபாடியம் முதலிய பல நூல்களை இயற்றி, மாணாக்கர்க்குப் பாடமும் சொல்லி, அவர் ஆற்றிய உழைப்பை எந்த அலுவலகத்தார் ஆற்றவல்லார்?

இல்லறத்தார்க்கும் எடுத்துக்காட்டு உண்டு. அத்திருவாவடுதுறையிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்பாற் பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையர் 1919ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு அலுவலுக்கே, அவர்க்கன்று. 1924இல் பெருங்கதையும், 1937இல் குறுந்தொகையும் அவர் ஓய்வுக்காலத்து வெளிவந்தவை. 1942இல் உயிர் நீங்கும் வரை ஏடும் எழுத்துமாகவே வாழ்ந்தார். அவர் பெயரால் 1943இல் அடையாற்றில் அமைந்த நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது. தொகையைக் கணக்கிடும் அடையாற்று இளைஞர் ஒருமுறை அதனுட் சென்று, ஓய்வென்பது யாது எனக் கண்டுவருவாராக.

‘கைகால் தளர்ந்து ஒன்றும் செய்யலாகாத முதியோர் என் செய்வர்?’ என்பது எஞ்சிய கடா. அதற்கும் மயிலையே விடை தந்தது. வாயிலார் நாயனார் இவ்வூரினர். அவர் மறவாமையால் மனத்துள்ளே கோயில் அமைத்து, உணர்வை விளக்காக்கி, ஆனந்தத்தைத் திருமஞ்சனமாக்கி, அன்பை அமுதாக்கி வழிபட்டார். அவ்வழிபாட்டிற்கு நடையும் வேண்டா, பொருளும் வேண்டா. படுக்கையிற் கிடப்பார்க்கும் அஃது இயலும். அத்தகையோரின் உணவும் மருந்தும் மக்களுக்கும் சுற்றத்தார்க்கும் ஊரார்க்கும் அரசிற்கும் கடன். அக்கடனை அவரவர் ஒழுங்காக ஆற்றுவராயின், முதுமையின் அச்சமும், அதனாற் பிறந்த தொகைக் கணக்கும் பாதி குறையும்.

ஆகவே, எத்துணைப் பொருள் வேண்டும் என்னும் வினாவிற்குச் சைவம் தரும் விடை இரு கூற்றது. உணவு, உடை, உறையுள், மருந்து என்னும் இவற்றிற்கு வேண்டுமளவு பொருளை நெறியால் ஈட்டுக, இயன்றது சேர்க்க, ஒரே இடத்து நம்பி வையாது காக்க, அதில் ஒரு பகுதியை இன்றே அறத்திற் செலவிடுக. இஃது ஒன்று. தொழிலினின்று முற்றும் நீங்குதற்கோ, எத்தொகையும் போதாது. ஏனெனின், அங்ஙனம் நீங்குதல் உயிர்க்கு இயல்பன்று. இஃது மற்றொன்று. வயிற்றின்பொருட்டுச் செய்யும் தொழில் ஒருநாள் நிற்கலாம். சிவன்பொருட்டுச் செய்யும் தொழில் அன்று தொடங்குவதற்கு உரியதன்று, இன்றே தொடங்குவதற்கு உரியது. திங்கட்கு ஒருமுறை வைப்புக் கணக்கினைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள், வாரத்திற்கு ஒருநாள் ஒரு திருக்கோயிலின் திருமுற்றத்தை அலகிட்டு, ஓர் ஏழைச் சிறுவனுக்குத் தேவாரம் ஓதுவித்துப் பார்ப்பாராக. எக்கணக்கு நெஞ்சிற்கு அமைதி தருகின்றது என்பதை அவர்தம் நெஞ்சே கூறும்.

திருச்சிற்றம்பலம்.